அப்பாவுக்கு மார்ஃபின் கொடுக்கலாம் என்கிறார் டாக்டர், கூடாது என்கிறார் அண்ணன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வெண்ணாற்றுப் பெண்
செவ்வாய், இரவு 1.50

அப்பா முனகிக்கொண்டிருக்கிறார், கண்ணில் பொட்டுத் தூக்கம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு 71 வயது. நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போடும் வேலை பார்த்தவர். நாற்பது ஆண்டுகள் புகையிலை போட்டிருக்கிறார். வலது கன்னத்தின் உட்புறம் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து பதினான்கு மாதத்தில் மறுபடியும் வந்துவிட்டது. கன்னம் வெளிப்பக்கமாக உடைந்து புண்ணாக இருக்கிறது. மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சித் தண்ணீர், மோர், மருந்து எல்லாம். போன மாதம், சிகிச்சை பார்த்த மருத்துவமனையின் வராந்தாவில் நிற்க வைத்து, "இனி இங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அம்மா இல்லை. நான் பிள்ளைகள் இருவரையும் மாமியாரிடம் விட்டுவிட்டு இங்கே வந்து ஏழு வாரம் ஆகிறது. அண்ணன் திருப்பூரில் இருக்கிறார். பணம் அனுப்புகிறார், தினமும் போனில் கேட்கிறார்.

வேறொரு டாக்டரிடம் அறிக்கைகளைக் காட்டினேன். மார்ஃபின் தொடங்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அண்ணன் கேட்டதும் கொதித்துவிட்டார். "போதை மருந்து கொடுத்து அப்பாவை முடிக்கப் பார்க்கிறாயா? அது மூச்சை நிறுத்திவிடும்" என்கிறார். சீட்டு இன்னும் என் பையில்தான் இருக்கிறது. இதைக் கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் காலம் முழுக்க என் தலையில்தான் விழும். கொடுக்காமல் இப்படிக் கேட்டுக்கொண்டும் இருக்க முடியவில்லை. உங்கள் வீட்டில் கொடுத்தீர்களா?

வெள்ளைச் சீருடை
செவ்வாய், காலை 5.30

தங்கச்சி, நான் ஓய்வு பெற்ற செவிலியர். பாலக்காட்டுப் பக்கம் ஆறு ஆண்டுகள் வீடு வீடாகப் போய் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்கிறேன்: சீட்டைப் பையிலிருந்து எடுங்கள்.

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் கொடுப்பது புதிதான காரியம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1986-லேயே படிப்படியான வலி மருந்து முறையை வகுத்துக் கொடுத்துவிட்டது. முதலில் பாரசிட்டமால் போன்றவை, அதற்கு மேல் டிராமடால் போன்றவை, அதற்கும் அடங்காத வலிக்கு மார்ஃபின். வலியை அளந்து, சிறிய அளவில் தொடங்கி, டாக்டர் சொல்கிறபடி கூட்டிக்கொண்டு போனால் அது மூச்சை நிறுத்தாது. வலிக்காக முறையாகச் சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமையாவது மிகமிக அரிது. நான் பார்த்த வீடுகளில் ஒன்றில்கூட அது நடக்கவில்லை.

உங்கள் அப்பாவுக்கு வேண்டிய விவரங்கள்:

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆகவே வலி வந்த பிறகு கொடுப்பதற்காகக் காத்திருக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இரவு படுக்கும்போது பெரும்பாலும் டாக்டர்கள் இரட்டிப்பு அளவு எழுதுவார்கள், நடுச்சாமத்தில் எழுப்பாமல் இருப்பதற்காக. உங்கள் சீட்டில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்பதால் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். ஆனால் மெதுவாகக் கரையும் வகை மாத்திரை ஒன்று இருக்கிறது, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. அதை ஒருபோதும் பொடிக்கக் கூடாது, மொத்த மருந்தும் ஒரே அடியாக இறங்கிவிடும். அட்டையைக் காட்டி எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமாகவே இருப்பார். பல வாரம் தூங்காத உடம்பு தூங்குகிறது, பயப்பட வேண்டாம். குமட்டல் வரலாம், சில நாளில் நின்றுவிடும். மலச்சிக்கல் மட்டும் நிற்காது. ஆகவே மார்ஃபின் தொடங்குகிற அன்றே பேதி மாத்திரையும் தொடங்க வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு மிகவும் மெதுவாகிவிட்டது, சிறுநீர் வெகுவாகக் குறைந்துவிட்டது என்றால் உடனே டாக்டரை அழையுங்கள்.

உங்கள் அண்ணனின் பயம் கெட்ட பயம் இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்கான விலையை இரவில் கொடுப்பவர் உங்கள் அப்பா.

மருந்துக்கடை மேசை
செவ்வாய், காலை 9.10

சீட்டைக் கொண்டு தெருக்கடைகளில் அலைய வேண்டாம். எங்கள் கடையிலும் மார்ஃபின் கிடையாது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, உரிமம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகி, பெரிய மருத்துவமனைகளே இதை வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டன. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு அனுமதியோடு கசகசாச் செடி பயிரிட்டு அபின் எடுக்கிற நாடு இது. அந்த அபினிலிருந்துதான் மார்ஃபின் வருகிறது. அப்படியிருந்தும் நம் ஊர் நோயாளிக்கு மாத்திரை கிடைக்கவில்லை என்பதை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு எரிகிறது.

2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் தனித்தனி உரிமங்களுக்கு அலையாமல் இதை வாங்கி வைத்துக் கொடுக்கலாம். உங்களுக்கு எழுதிக் கொடுத்த டாக்டரிடமே எந்த நிலையத்தில் கிடைக்கும் என்று கேளுங்கள். பெரிய அரசு மருத்துவமனைகளில் விசாரியுங்கள். 104-க்குப் போன் செய்தும் கேட்கலாம். போகும்போது அசல் சீட்டு, நோய் அறிக்கை, அப்பாவின் ஆதார், உங்கள் ஆதார் நான்கையும் கொண்டு போங்கள். ஏதாவது ஒன்று இல்லை என்று திருப்பி அனுப்பினால் ஒரு நாள் போய்விடும், அந்த ஒரு நாளும் அவருக்குத்தான் வலி.

பழைய தபால்காரர்
செவ்வாய், மாலை 6.20

அம்மா, என் மனைவியை ஒரு வருடம் இரண்டு மாதம் வைத்துப் பார்த்தேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கடைசி நான்கு மாதம் மார்ஃபின் கொடுத்தோம். அதில் ஒரு நாள் அவளே எழுந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தாள். வலி இருந்தவரை கீரையின் வாசனைகூட ஆகாது என்றவள்.

மருந்தைப் பற்றி அக்கா எழுதிவிட்டார். நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்கிறேன். வீட்டில் வாடை இருக்கிறதா? யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், நீங்களும் சொல்ல மாட்டீர்கள்.

வெண்ணாற்றுப் பெண்
செவ்வாய், இரவு 10.15

ஐயா, நீங்கள் கேட்டதும் அழுதுவிட்டேன். ஆமாம், இருக்கிறது. தெருமுனையிலேயே தெரிகிறது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். சாம்பிராணி போடுகிறேன், ஊதுபத்தி வைக்கிறேன். அப்பா தானாகவே கட்டிலைக் கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்கு மாற்றச் சொல்லிக் கையைக் காட்டினார். அவருக்கும் தெரிகிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளைச் சீருடை
புதன், காலை 5.45

தாழ்வாரத்தில் படுக்க வைக்க வேண்டாம். கூடத்துக்கே கொண்டு வாருங்கள். இதற்கு வழி இருக்கிறது, செலவும் அதிகம் இல்லை.

அந்த வாடை, காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளால் வருவது. மெட்ரோனிடசோல் மாத்திரையை டாக்டரிடமோ செவிலியரிடமோ கேட்டு வாங்கி, நைசாகப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு ஆறவிடுங்கள். புண்ணில் இருக்கும் பழைய கட்டுத்துணியை அப்படியே இழுக்காதீர்கள். அந்த உப்புத் தண்ணீரை ஊற்றி நன்றாக ஊறவிட்டு எடுத்தால் வலிக்காது, ரத்தமும் கசியாது. புண்ணை அதே தண்ணீரால் கழுவி, பொடியைத் தூவி, சுத்தமான துணியை நனைத்து வைத்துக் கட்டுங்கள். மார்ஃபின் கொடுத்து அரை மணி நேரம் கழித்துக் கட்டு மாற்றினால் அவருக்குச் சுலபம். நாலைந்து நாளில் வாடை குறைவது உங்களுக்கே தெரியும். கட்டிலுக்கு அடியில் ஒரு தட்டில் அடுப்புக்கரித் துண்டுகளைப் பரப்பி வையுங்கள். ஊதுபத்தி வேண்டாம், இரண்டு வாடையும் கலந்து குமட்டும்.

பகலிலும் கொசுவலை கட்டுங்கள். ஈ உட்கார்ந்தால் புழு வைக்கும். வைத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் சொல்லுங்கள். அது உங்கள் கவனக்குறைவு ஆகாது. எவ்வளவு சுத்தமான வீட்டிலும் நடக்கும், எடுத்துவிடலாம்.

இன்னொன்று. கன்னம், கழுத்துப் புண்ணில் சில சமயம் ரத்தக்குழாய் அரித்துத் திடீரென்று ரத்தம் வரலாம். வராமலும் போகலாம். அடர் சிவப்பு அல்லது கரும்பச்சை நிறத்தில் இரண்டு பெரிய துண்டுகள் வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். வெள்ளைத் துண்டில் ரத்தம் பரவுவதைப் பார்த்தால் நோயாளியும் மிரண்டுபோவார், நீங்களும் மிரண்டுபோவீர்கள். அடர்நிறத் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள், அவரைத் தனியே விட்டு ஓடாதீர்கள்.

உங்கள் வட்டாரத்துக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை மட்டும்தான் வீட்டுக்கு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிற நோய் ஆதரவுச் சிகிச்சையும் அதில் இருக்கிறது. பெயரைப் பதிவு செய்யுங்கள்.

மூத்தமகன்
புதன், இரவு 11.30

மஸ்கட்டிலிருந்து எழுதுகிறேன். சகோதரி, உங்கள் அண்ணனைப் போல இருந்தவன் நான். என் அப்பாவுக்குக் கல்லீரல். தம்பிதான் ஊரில் பார்த்துக்கொண்டான். நான் தினமும் போன் போட்டு அந்த டாக்டரைப் பார், இந்தச் சித்த வைத்தியரைப் பார், ஏன் இன்னொரு ஸ்கேன் எடுக்கவில்லை என்று விரட்டிக்கொண்டே இருந்தேன். தம்பி ஒரு நாள், "அண்ணே, இன்றைக்கு அப்பாவுக்கு மூன்று முறை வேட்டி மாற்றினேன், சாப்பிட்டாயா என்று நீங்கள் ஒரு முறை கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

தூரத்தில் இருக்கிறவனுக்கு அப்பா போன தடவை பார்த்த அப்பாவாகவே இருக்கிறார். பக்கத்தில் இருப்பவர்தான் நாளுக்கு நாள் பார்க்கிறார். அதனால் எங்கள் மனம் இன்னும் சிகிச்சையில் நிற்கிறது, உங்கள் மனம் வலியில் நிற்கிறது. அண்ணனிடம் வாதாடாதீர்கள். இரண்டு நாள் வந்து, அப்பா அறையில் இரவு படுக்கச் சொல்லுங்கள்.

வெண்ணாற்றுப் பெண்
ஞாயிறு, காலை 7.00

அண்ணன் வெள்ளிக்கிழமை இரவு வந்தார். அப்பா பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார். இரண்டரை மணிக்கு என்னை எழுப்பி, "தினமும் இப்படித்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். காலையில் சீட்டையும் ஆதார் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அவரே கிளம்பி, மத்தியானம் மாத்திரையோடு வந்தார்.

நேற்று மாலை ஆறு மணிக்கு முதல் மாத்திரை. பத்து மணிக்கு அடுத்தது, இரட்டிப்பு. அப்பா காலை ஐந்து வரை தூங்கினார். நானும் அண்ணனும்தான் தூங்கவில்லை. மூச்சு வருகிறதா என்று மாறி மாறி எழுந்து பார்த்துக்கொண்டே இருந்தோம்.

இப்போது வேறொரு கேள்வி. அப்பாவுக்கு இது புற்றுநோய் என்றே நாங்கள் சொல்லவில்லை. "பல் புண், ஆற நாளாகும்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். வாய் திறக்க முடியாததால் நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிக் காட்டுவார். இன்று எழுதினார்: "இது ஆறுகிற புண்ணா?" நான் ஆறிவிடும் அப்பா என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டேன்.

நெல்லைக்காரன்
ஞாயிறு, காலை 10.40

சொல்லாதீர்கள். என் பெரியப்பாவுக்கு ஒரு டாக்டர் நேருக்கு நேர் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். பேச்சை நிறுத்தினார், சாப்பாட்டை நிறுத்தினார், பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். நம்பிக்கை என்ற ஒன்றுதான் கடைசி மூச்சைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைப் பிடுங்க நமக்கு உரிமை இல்லை. நல்ல வார்த்தை சொல்லி அனுப்புவதைப் பொய் என்று நான் கருதவில்லை.

தனிமரம்
ஞாயிறு, மதியம் 2.15

நெல்லைக்காரன் அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அம்மாவுக்கு நுரையீரல். நாங்கள் கடைசி வரை சொல்லவில்லை. சளி, சளி என்றே ஐந்து மாதம் ஓட்டினோம். மூச்சுத் திணறல் வந்ததும் பதறி ஒரு பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம். வென்டிலேட்டர் வைத்தார்கள். ஒன்பது நாள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம். அம்மாவின் கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டி வைத்திருந்தார்கள், குழாயைப் பிடுங்கிவிடாமல் இருப்பதற்காக. அவருக்குப் பேச எவ்வளவோ இருந்திருக்கும். ஐந்து மாதமாக நாங்கள் பேசவிடவில்லை, பிறகு அந்தக் குழாய் பேசவிடவில்லை. ஆறு லட்சம் கடன் அடைந்துவிட்டது. அம்மாவின் கட்டிய கை மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

தங்கையே, கடைசியில் எங்கே இருக்க வேண்டும் என்பதை அப்பாவே சொல்வதற்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள். 2018 மார்ச் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மீள முடியாத நோயில் உயிரை வெறுமனே நீட்டிக்கும் கருவிகள் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைப்பதை ஏற்றுக்கொண்டது. மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று அப்போது இருந்ததை 2023 ஜனவரியில் மாற்றி, நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்று எளிதாக்கினார்கள். என் அம்மா காலத்தில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்பா எழுதித் தரக்கூட வேண்டாம். அவர் மனது உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் அந்த இரவில் நீங்கள் ஒருவரையொருவர் குதறிக்கொள்ள மாட்டீர்கள்.

வெள்ளைச் சீருடை
ஞாயிறு, மாலை 4.30

இருவர் சொல்வதும் நடந்த கதை. பெரியப்பாவுக்கு டாக்டர் செய்தது தலையில் கல்லைப் போட்டது போல. சொன்ன பிறகு அவர் பக்கத்தில் யாராவது உட்கார்ந்தார்களா என்பதுதான் என் கேள்வி.

நான் கற்றுக்கொண்ட முறை இது. நாமாகப் போய்ச் சொல்வதும் இல்லை, கேட்டால் மறைப்பதும் இல்லை. அடுத்த தடவை எழுதிக் காட்டினால், "உங்களுக்கு என்ன தோன்றுகிறது அப்பா?" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரே காட்டுவார். பேச்சை மாற்றினால் நீங்களும் மாற்றிவிடுங்கள்.

லண்டனில் 1967-இல், கடைசிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளுக்காக செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு டாக்டரானவர். உடம்பு வலியோடு பணக்கவலை, பிள்ளைகளைப் பற்றிய கவலை, மனத்தின் தனிமை எல்லாவற்றையும் சேர்த்தே ஒருவருடைய வலி என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர். 1993-இல் கோழிக்கோட்டில் ஒரு சிறிய அறையில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய நோய் ஆதரவுச் சிகிச்சைக்கும் அதுதான் அடிப்படை. பிறகு அங்கே ஆட்டோ ஓட்டுநர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் கற்றுக்கொண்டு வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே அறிவித்தது. மார்ஃபின் உடம்பு வலியைத் தீர்க்கும். "இது ஆறுகிற புண்ணா" என்று எழுதிக் கேட்கிறாரே, அந்த வலிக்கு நீங்கள்தான் மருந்து, தங்கச்சி.

வெண்ணாற்றுப் பெண்
வியாழன், இரவு 9.30

கேட்டேன். நேற்று இரவு கட்டு மாற்றிய பிறகு அவரே மறுபடியும் அதே தாளை எடுத்துக் காட்டினார். "உங்களுக்கு என்ன தோன்றுகிறது அப்பா?" என்றேன். காலெல்லாம் நடுங்கியது, ஆனால் உட்கார்ந்தே இருந்தேன்.

வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். நான்கு தாள். நான் எதிர்பார்த்த மாதிரி ஒரு வார்த்தையும் இல்லை.

"ஆலங்குடியாருக்கு 8,000 தர வேண்டும். சீட்டு இல்லை, வாய்ப்பேச்சு. மறுக்காமல் கொடு. மேலண்டை வயல் குத்தகை தை மாதத்தோடு முடிகிறது, அண்ணனிடம் சொல். உரத்துக்கு வாங்கிய பாக்கி கூட்டுறவில் கட்டியாகிவிட்டது, ரசீது இரும்புப் பெட்டியில்."

நான்காவது தாளில்: "பார்க்க வருகிறவர்களுக்கு முகத்தைக் காட்டாதே. என் பச்சைத் துண்டைக் கட்டிவிடு. ஆஸ்பத்திரி வேண்டாம்."

எப்போதிருந்து தெரியும் அப்பா என்று கேட்டேன். விரலால் காற்றில் ஆறு என்று எழுதினார். ஆறு மாதமாக. அண்ணனுக்குப் போன் போட்டு நான்கு தாளையும் படித்துக் காட்டினேன். இருவரும் அழுதோம். நான் இங்கே வந்த எட்டு வாரத்தில் முதல் தடவையாக ஒரே விஷயத்துக்காக அழுதோம்.

வாடை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. கட்டில் கூடத்தில்தான் இருக்கிறது. சுகாதார நிலையத்திலிருந்து ஒரு செவிலியர் வந்து குழாயை மாற்றிவிட்டுப் போனார்.

பழைய தபால்காரர்
வெள்ளி, காலை 6.10

ஆலங்குடியாருக்குப் பணத்தை இப்போதே கொடுத்துவிடுங்கள் அம்மா. கொடுத்ததை அப்பாவிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. நீங்கள் கடைசியாக எப்போது உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? என் மனைவி போன பிறகு நான் ஆறு மாதம் படுத்துவிட்டேன். சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியது. அந்த ஒரு வருடம் என் மாத்திரையை நான் சாப்பிடவே இல்லை, அது பெரிய தியாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது இரண்டு மணி நேரம் அப்பாவிடம் இருக்கட்டும், போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். மனம் ரொம்பத் தளர்ந்தால் 14416 என்ற அரசாங்க எண்ணில் தமிழிலேயே பேசலாம். இரவிலும் எடுக்கிறார்கள்.

வெண்ணாற்றுப் பெண்
செவ்வாய், மாலை 5.00

ஆலங்குடியார் பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று அழுதார். அப்பா கையால் ஜாடை காட்டி வாங்கித்தான் ஆக வேண்டும் என்று அதட்டினார். பிறகு வாங்கிக்கொண்டார்.

மூன்று நாளாக அப்பா அதிகம் தூங்குகிறார். குழாயில் ஊற்றுவது திரும்பி வருகிறது, இருமுகிறார். செவிலியர் அளவைக் குறைக்கச் சொன்னார். அத்தை வந்திருக்கிறார். "பட்டினி போட்டுக் கொல்கிறாய், என் தம்பிக்கு ஒரு வாய்க் கஞ்சிக்கு வழியில்லையா" என்று வாசலில் நின்று கத்துகிறார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அத்தைக்கு என்ன சொல்வது?

வெள்ளைச் சீருடை
செவ்வாய், மாலை 6.15

தங்கச்சி, உடம்பு கிளம்ப ஆயத்தமாகும்போது அதுவே உணவை வேண்டாம் என்று சொல்லிவிடும். சாப்பிடாததால் அவர் போகவில்லை. போகிற நேரம் வந்ததால் சாப்பாடு இறங்கவில்லை. இந்த நிலையில் வற்புறுத்தி ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்த் திணறுவார்.

அத்தையை வாசலில் நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டு ஒரு வேலை கொடுங்கள். இளநீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, உதட்டையும் வாயின் உட்புறத்தையும் அரை மணிக்கு ஒரு தடவை ஈரப்படுத்துவது. உதட்டில் தேங்காயெண்ணெய் தொட்டு வைப்பது. அக்கா கையால் செய்தால் தம்பிக்குத் தெரியும். கடைசி நேரத்தில் ஊரில் பால் ஊற்றச் சொல்வார்கள். ஊற்ற வேண்டாம், பஞ்சில் ஒரு சொட்டுப் பாலைத் தொட்டு உதட்டில் வையுங்கள். சாத்திரமும் நிறைவேறும், மூச்சும் அடைக்காது.

இனி வரக்கூடியவற்றைச் சொல்லி வைக்கிறேன். தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கலாம். கேட்கிற நமக்குத்தான் அது வேதனை, அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மூச்சு விட்டுவிட்டு வரும், நின்றுவிட்டது போல இருந்து மறுபடியும் வரும். கை கால் குளிர்ந்து, முழங்காலில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். குழாயில் இறங்கவில்லை என்பதற்காக வலி மருந்தை நிறுத்தாதீர்கள். தோலுக்கடியில் ஊசியாகக் கொடுக்க முடியுமா என்று டாக்டரை இன்றே கேளுங்கள். காது கடைசி வரை கேட்கும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆகவே அவர் பக்கத்தில் சண்டை வேண்டாம், பேசிக்கொண்டிருங்கள்.

மூத்தமகன்
புதன், காலை 8.00

அண்ணனைக் கூப்பிட்டுவிடுங்கள். நான் விமானத்தில் இருந்தபோது என் அப்பா போய்விட்டார்.

வெண்ணாற்றுப் பெண்
புதன், காலை 8.20

நேற்றிரவே கிளம்பிவிட்டார். தஞ்சாவூர் தாண்டிவிட்டாராம்.

வெண்ணாற்றுப் பெண்
பதினெட்டு நாள் கழித்து, காலை 11.00

அப்பா அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலே கால் மணிக்குப் போனார். கரகரப்புச் சத்தம் வந்ததும் அண்ணன் 108-க்குப் போன் செய்யக் கையில் எடுத்தார். நான் நான்காவது தாளை எடுத்துக் காட்டினேன். கைபேசியைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். அத்தை பஞ்சால் உதட்டில் பால் தொட்டு வைத்தார். மேலண்டை வயலில் தண்ணீர் பாய்ந்துவிட்டது என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த மூச்சு வரும் என்று மூவரும் காத்திருந்தோம், வரவில்லை.

பச்சைத் துண்டைக் கட்டினேன். ஒருவருக்கும் முகத்தைக் காட்டவில்லை. கேட்டவர்களுக்கு அவரே அப்படிச் சொன்னார் என்றேன்.

வீட்டில் இறந்ததால் பதிவுக்கு என்ன செய்வது என்று இனி வருகிறவர்கள் தேடக்கூடும் என்பதால் எழுதுகிறேன். சிகிச்சை பார்த்த டாக்டரிடம் இறப்புக்கான காரணத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் அதை எடுத்துப் போய்க் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்தோம். 21 நாளுக்குள் செய்துவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை. மீதமிருந்த மார்ஃபின் மாத்திரைகளை எண்ணி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார் அண்ணன். வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இன்னும் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் கட்டில் இருந்த இடத்தைப் பார்க்கிறேன். பிள்ளைகள் இங்கேயே வந்துவிட்டார்கள், சின்னவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்.

புண் வராமல் இருக்க வாங்கிய காற்றுப் படுக்கை ஒன்று இருக்கிறது. மோட்டாரோடு. டெட்டால் போட்டுத் துடைத்து வெயிலில் காய வைத்துவிட்டேன். விலை ஒன்றும் வேண்டாம். திருவாரூர், தஞ்சை மாவட்டங்களில் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.

மன்னைச் செல்வி
அதே நாள், மதியம் 1.40

அக்கா, மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். மூன்று வாரமாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அம்மாவுக்கு முதுகெலும்பு வரை பரவிவிட்டது. இடுப்பில் தோல் சிவந்திருக்கிறது. படுக்கை எங்களுக்கு வேண்டும். நாளை காலை தம்பியை அனுப்புகிறேன். மோட்டார் சத்தம் அதிகமாக இருக்குமா? அம்மா சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறார்.

வெண்ணாற்றுப் பெண்
அதே நாள், மதியம் 1.55

முதல் இரண்டு நாள் சத்தம் தெரியும். தரையில் வைக்காமல், சாக்கை நான்காக மடித்து அதன்மேல் வைத்தால் பாதி குறைந்துவிடும். அந்தச் சாக்கையும் சேர்த்தே கொடுத்தனுப்புகிறேன். இடுப்பு சிவந்த இடத்தைத் தேய்க்காதே அம்மா. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வை. அம்மாவுக்கு வலி மருந்து என்ன கொடுக்கிறார்கள்?